விவாகரத்து ஆல்பம்: தனி கிட்டார் போதுமா, பேண்ட் வேணுமா?

கல்மண்டபம் | 6 ஜூலை 2024, இரவு 10:41

காதல் தோல்விக்கு நம்ம பக்கம் பாட்டு கொட்டிக் கிடக்கு. செத்தவருக்கு மரண கானா இருக்கு. கல்யாணம் பண்ணி, குடும்பம் நடத்தி, கோர்ட்ல போய் முடிச்சுக்கிட்டவங்களுக்கு ஒரு முழு ஆல்பம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் காதுல விழல. ராயபுரத்துல ஒருத்தர் எட்டுப் பாட்டு ரெடி பண்ணி வெச்சிருக்கார். வரி, மெட்டு, கிட்டார், குரல் எல்லாம் அவரே. ரெக்கார்டிங் வீட்டு மாடி ரூம்ல. என் கட்சி இது: இந்த மாதிரி ஆல்பத்துக்குத் தனி கிட்டாரும் குரலும் போதும், டிரம்ஸ், பேஸ்னு சேத்தா வலி கரைஞ்சிடும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட 1975 ஆல்பம் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' ஒண்ணே சாட்சி. பாராட்டு வேணாம், குறை சொல்லுங்க.

மூர்மார்க்கெட் தட்டு | 6 ஜூலை, இரவு 11:20

நீங்க கூப்பிட்டது பிறழ் சாட்சி.

'பிளட் ஆன் தி டிராக்ஸ்'ல பத்துப் பாட்டு. 1974 செப்டம்பர் 16 முதல் 19 வரைக்கும் நியூயார்க்ல பதிவு. முதல் நாள் ஒரு பேண்ட் உக்காந்தது. டிலன் கிட்டாரைத் திறந்த சுருதியில, அதாவது எதையும் அமுக்காம மீட்டினாலே ஒரு கார்டு வர்ற மாதிரி, கட்டி வெச்சிருந்தார், அதனால இடது கை விரலைப் பாத்து என்ன கார்டுன்னு அவங்களால பிடிக்க முடியல. அவரும் நின்னு சொல்லித்தர்ற ஆள் கிடையாது. மறுநாளிலேருந்து அந்தக் கூட்டத்துல பேஸ் வாசிச்சவர் மட்டும்தான் நிலைச்சார். நீங்க சொல்ற தனிமை அந்த நாலு நாள்ல வந்தது.

அதோட முடியல. டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைத் தட்டு) வரைக்கும் போன ஆல்பத்தை டிசம்பர்ல நிறுத்தி, தம்பி பேச்சைக் கேட்டு, மினியாபொலிஸ்ல உள்ளூர் வாத்தியக்காரங்களை வெச்சு 27, 30 தேதிகள்ல அஞ்சு பாட்டை மறுபடி பாடினார். டிரம்ஸ், பேஸ், ஆர்கன், மாண்டலின் எல்லாம் உண்டு. அட்டை முன்னாடியே அச்சடிச்சாச்சு, அதனால அந்த ஊர்க்காரங்க பேரே அதுல வரல. கடைக்கு வந்தது பாதி நியூயார்க், பாதி மினியாபொலிஸ். 'இடியட் விண்ட்' நியூயார்க்ல மெதுவா, உடைஞ்சு போன குரல்ல இருக்கு. மினியாபொலிஸ்ல அதே பாட்டைச் சண்டைக்கு நிக்கற மாதிரி பாடறார். ரெண்டுல எது வலின்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்.

டோலக் தண்டையார்பேட்டை | 6 ஜூலை, இரவு 11:52

அஞ்சு இட்லி அஞ்சு தோசைன்னு ஒரே தட்டுல வெச்சிட்டாரு. ஸோக்கா கீதே.

பேசின்பிரிட்ஜ் | 7 ஜூலை, காலை 7:15

பேண்டா தனியாங்கறதை அப்புறம் பாக்கலாம். ரூம் அளவு என்ன, மேல கூரை என்ன, மைக் என்ன, தண்டவாளம் எவ்வளவு தூரம்? அத சொல்லுங்க முதல்ல.

கல்மண்டபம் | 7 ஜூலை, காலை 9:02

பத்துக்குப் பன்னெண்டு. மேல ஷீட். ஒரு ஜன்னல் ரோட்டுப் பக்கம். ஒரு 58 டைனமிக் மைக், ஒரு கண்டென்சர் மைக், ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ். லோக்கல் ட்ரெயின் சத்தம் கேக்கும், கன்டெய்னர் லாரி அதைவிட ஜாஸ்தி. ரூம்ல ஒரு இரும்பு பீரோ.

பேசின்பிரிட்ஜ் | 7 ஜூலை, இரவு 9:40

அப்ப இப்படிப் போங்க.

கண்டென்சரைப் பெட்டியிலயே வைங்க. அது பாடறவர் மூச்சையும் எடுக்கும், ஹார்பர் கேட்ல நிக்கற லாரியையும் எடுக்கும். குரலுக்கு 58, வாய்லேருந்து நாலு விரல் தூரம், நேரா வைக்காம கொஞ்சம் சாய்ச்சு. கிட்டாருக்கு இன்னொரு டைனமிக் மைக் வாடகைக்கு எடுங்க. ஓட்டைக்கு நேரா வெச்சா குடத்துக்குள்ள பேசற மாதிரி குமுறும், அதனால கழுத்து உடம்போட சேர்ற இடத்தைப் பாத்து ஒரு ஜாண் தள்ளி வைங்க.

லாரி உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ. எல்லாரும் உடனே அடி ஒலியை வெட்டற ஹை-பாஸ் ஃபில்டரை 100-ல போட்டுடுவாங்க. குரலுக்குப் போடலாம், ஆம்பளைக் குரல் அதுல அதிகம் நஷ்டப்படாது. கிட்டாருக்குப் போட்டா போச்சு. திறந்த டி சுருதியில ஆறாவது கம்பி 73 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பி ஓயாம அடியில ஓடறதுதான் அந்தச் சுருதிக்கே உயிர், அதை ஃபில்டர் தின்னுடும். கிட்டாருக்கு 60-ஐத் தாண்டாதீங்க. ஒரே மைக்ல ரெண்டையும் எடுத்தா இப்படிப் பிரிச்சு வெட்ட முடியாது, ரெண்டு மைக் சொல்றது அதுக்குத்தான்.

இலவம்பஞ்சு மெத்தையைப் பாடறவர் முன்னாடி சாத்தி வைக்கறது வழக்கமான தப்பு. மைக்கோட முகம் பாடறவரைப் பாக்குது, அப்ப அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கற சுவர்தான் அதுல விழும். மெத்தை முதுகுக்குப் பின்னாடி. பீரோ கதவு 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ ஒரு சுரத்துக்குக் கூடவே பாடும், எந்த சுரம்னு கீழேருந்து மேல ஒரு தடவை ஆலாபனை பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும். கதவிடுக்குல பழைய புடவை மடிச்சு சொருகுங்க.

ஃபேன் ஆஃப். ஃப்ரிட்ஜ் ஆஃப். லேப்டாப் சார்ஜர் கழட்டி பேட்டரியில ஓட்டுங்க, பழைய வீட்ல எர்த் சரியில்லைன்னா 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எட்டுப் பாட்டுலயும் உக்காந்துக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபல்ல நிக்கட்டும். ஒவ்வொரு நாளும் பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாரும் அசையாம அரை நிமிஷம் வெறும் ரூமைப் பதிவு பண்ணுங்க. அப்புறம் ரெண்டு டேக்கை ஒட்டும்போது நடுவுல பள்ளம் விழாம அதுதான் மூடும்.

எண்ணூர்க் காத்து | 7 ஜூலை, இரவு 10:31

நேரம் பாத்து வையுங்க. கடைசி லோக்கலுக்கும் முதல் லோக்கலுக்கும் நடுவுல ட்ரெயின் இல்ல. ஆனா அதே நேரம்தான் லாரி வரிசை கட்டும், விடியறதுக்கு முன்னாடியே காசிமேடு மீன் ஏலத்துக்கு ஆட்டோவும் ஐஸ் வண்டியும் கிளம்பிடும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அந்தப் பக்கம் ரெக்கார்டிங்குக்கு அதைவிட நல்ல சீசன் கிடையாது. அது போன மாசமே முடிஞ்சாச்சு. இப்ப ஆடி வேற பொறக்கப்போகுது.

டோலக் தண்டையார்பேட்டை | 7 ஜூலை, இரவு 10:58

ஆடில தெருவுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவான். விவாகரத்துப் பாட்டுக்குப் பின்னாடி அம்மன் பாட்டு கோரஸ். ஃப்ரீயா வருது, வுட்றாதீங்க.

மூர்மார்க்கெட் தட்டு | 9 ஜூலை, மாலை 6:12

ரூம் சுத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க, ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. அந்த நியூயார்க் டேப்ல டிலன் சட்டைக் கை பட்டன் கிட்டார்ல உரசற டிக் டிக் நல்லாவே கேக்குது. பாட்டு சரியா வந்த டேக்கை அதுக்காகத் தூக்கிப் போடல. பட்டன் சத்தத்துக்காக மறுபடி பாடச் சொல்லாதீங்க. மனைவியோட கடைசியா பேசின பேச்சைப் பத்தின பாட்டை ஒருத்தர் எத்தனை தடவை புதுசா பாட முடியும்?

இன்னொரு விஷயம். நியூயார்க் டேப்பை மாஸ்டர் பண்ணும்போது வேகத்தை 2, 3 சதவீதம் ஏத்திட்டாங்க. 2018-ல வந்த முழுத் தொகுப்புலதான் அசல் வேகம் கிடைச்சது. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, அசல்ல ஆள் இன்னும் சோர்வா இருக்கார்.

பேசின்பிரிட்ஜ் | 9 ஜூலை, இரவு 8:20

அரைக் கட்டையை 100 சென்ட்டுன்னு பிரிச்சா, 2 சதவீதம்னா 34 சென்ட், 3 சதவீதம்னா 51. அதாவது அரைக் கட்டையில பாதி. ஆர்மோனியம் வெச்சு கூட வாசிக்க முடியாது, ரெண்டு கட்டைக்கு நடுவுல விழும். இப்ப மென்பொருள்ல சுருதி மாறாம வேகத்தை மட்டும் ஏத்தலாம், ஆனா தனி கிட்டார்ல கம்பி மீட்டற முனை மங்கிப் போகும். பாட்டு இழுவையா இருக்குன்னா வேகமா பாடச் சொல்லுங்க, மவுஸ்ல சரி பண்ணாதீங்க.

கல்மண்டபம் | 9 ஜூலை, இரவு 9:05

திறந்த சுருதி எப்படிக் கட்டறது, கம்பி அறுந்துடாதா? வெறும் ஆரம்பப் பாடம் அளவுக்குச் சொன்னா போதும்.

பேசின்பிரிட்ஜ் | 9 ஜூலை, இரவு 9:48

திறந்த டி: ஆறாவது கம்பி இ-லேருந்து டி-க்கு இறக்கு. அஞ்சு, நாலு தொடாதே. மூணாவது ஜி-லேருந்து எஃப் ஷார்ப். ரெண்டாவது பி-லேருந்து ஏ. ஒண்ணாவது இ-லேருந்து டி. நாலும் இறங்குது, எதுவும் அறுகாது. எதையும் அமுக்காம மீட்டினா டி மேஜர், நம்ம கணக்குல 2 கட்டை. பாடறவருக்கு 3 கட்டை வேணும்னா ரெண்டாவது கட்டத்துல கேப்போ (கழுத்துல மாட்டற கிளிப்) போடுங்க. கேப்போ இல்லாம நேரா திறந்த இ கட்டினா மூணு கம்பி மேல ஏறும், இழுவை கூடி பிரிட்ஜ் தூக்கும். காசிமேட்டுப் பக்கம் ஈரக் காத்துல மரம் ஏற்கெனவே ஊதியிருக்கும், அது மேல இந்த இழுவையையும் சேக்காதீங்க. கம்பி இறக்கினா தளர்ந்து படபடக்கும், ஒரு சைஸ் தடிச்ச செட் போட்டா நிக்கும். உப்புக் காத்துக்குக் கோட்டிங் போட்ட கம்பி. சாதா கம்பின்னா பளபளப்பு சீக்கிரமே போயிடும், முதல் பாட்டும் எட்டாவது பாட்டும் வேற வேற கிட்டார் மாதிரி இருக்கும்.

டோலக் தண்டையார்பேட்டை | 12 ஜூலை, இரவு 11:30

கம்பி, மெத்தை எல்லாம் சரி. பாட்டுல பேரு வருதா?

கேக்கறதுக்குக் காரணம் கீது. மரண கானா கட்டறவன் முதல்ல கேக்கறதே செத்தவர் பேரு, தெரு, தொழில், பொண்டாட்டி பேரு, பசங்க பேரு, மச்சான் பேரு. ராத்திரி பூரா பொணத்துக்குப் பக்கத்துல குந்திக்கினு அதையெல்லாம் மெட்டுல கோத்துப் பாடுவான். அந்தப் பேரு வந்தாதான் வூட்டுக்காரங்களுக்கு மரியாதை, பேரு வந்த எடத்துலதான் அழுகை வெடிக்கும். கானா கேட்டு வளந்தவன் பேனாவுல அது தானா வரும். செத்தவர் எழுந்து வந்து நான் அப்படி இல்லன்னு சொல்லமாட்டார். இங்க அந்தம்மா ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க, காதுல கேக்குது. அதே டெக்னிக் இங்க பழி ஆயிடும்.

கானா மெட்டுல போடுங்க, தப்பில்ல. தெருப் பேரு இருக்கட்டும், கோயில், சர்ச், பஸ் நம்பர் இருக்கட்டும். ஆள் பேரை மட்டும் எடுத்துடுங்க. மாமியார், மச்சான்லாம் வர்ற சரணத்தை அப்படியே தூக்கிடுங்க. கல்யாணம் ரெண்டு பேருது, மச்சானுக்கு அதுல இன்னா வேலை.

கல்மண்டபம் | 13 ஜூலை, காலை 6:50

ரெண்டாவது பாட்டுல பேரு வருது. நாலாவதுல மச்சான் வர்றார். ஆறாவதுல கோர்ட் பேப்பர்லேருந்து ஒரு வரி அப்படியே இருக்கு. அது நல்ல வரி.

பாரீஸ் கார்னர் | 13 ஜூலை, மதியம் 1:15

அந்த நல்ல வரியில்தான் சிக்கல். இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு என்றால் பிரிவு 22-ஐப் படியுங்கள். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். அந்த நடவடிக்கை சம்பந்தப்பட்ட எதையும் அச்சிடுவதோ வெளியிடுவதோ கூடாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் நீதிமன்ற முன் அனுமதியோடு வெளியிடலாம். மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம்.

டோலக் தண்டையார்பேட்டை | 13 ஜூலை, மதியம் 1:40

ஆயிரந்தானா? மைக் வாடகையோட சேத்துக் கட்டிடலாம் சார்.

பாரீஸ் கார்னர் | 13 ஜூலை, இரவு 8:30

அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். பாட்டை இறக்கச் சொல்லித் தடையுத்தரவு கேட்டால் சிரிக்க முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்தாக இருந்தால் சமரச ஒப்பந்தம் ஒன்று போட்டிருப்பார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் வெளியில் பேசக்கூடாது என்ற ஷரத்து அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும், கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

அவதூறு தனி. இந்த ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 போய் பாரதிய நியாய சன்ஹிதா 356 வந்திருக்கிறது. பெயர் இல்லாவிட்டாலும் யாரைச் சொல்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்தால் போதும், புகார் நிற்கும். ஆகவே பெயரை நீக்கிவிட்டு, அந்தம்மாவின் வேலையையும் அலுவலகத்தையும் வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. நான் இப்படி இருந்தேன், நான் இதைச் செய்தேன், எனக்கு இப்படி இருந்தது என்று பாடுவதை யாரும் கேள்வி கேட்க முடியாது. நீ இதைச் செய்தாய் என்பதில்தான் ஆதாரம் கேட்பார்கள்.

அவர் எழுதிய கடிதத்தையோ வாட்ஸ்அப் செய்தியையோ வார்த்தை மாறாமல் சரணமாகப் போட்டிருந்தால் அதையும் எடுங்கள். கடிதம் பெற்றவர் கையில் இருந்தாலும் பதிப்புரிமை எழுதியவருடையது.

கல்மண்டபம் | 13 ஜூலை, இரவு 9:11

அஞ்சாவது பாட்டே அந்த மெசேஜ்தான் சார்.

மூர்மார்க்கெட் தட்டு | 14 ஜூலை, காலை 10:05

சட்டம் ஆல்பத்துக்குள்ள புகுந்த கதை ஒண்ணு இருக்கு, கேட்டுக்குங்க. அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயோட 'ஹியர், மை டியர்', 1978 டிசம்பர், ரெட்டைத் தட்டு. மனைவி அன்னா, அவர் பாடின மோடவுன் கம்பெனி முதலாளியோட அக்கா. ஜீவனாம்சம் கட்டக் கையில பணம் இல்ல. அடுத்த ஆல்பத்துலேருந்து வர்ற பணத்துல ஒரு பங்கு அன்னாவுக்குன்னு ஒப்பந்தம் ஆச்சு. சீக்கிரமா ஏதோ ஒண்ணைப் பாடித் தள்ளிடலாம்னு உக்காந்தவர், நாலு பக்கம் நீளத்துக்கு அந்தக் கல்யாணத்தையே எழுதிட்டார். யார் யாரைக் காதலிக்கறதை எப்ப நிறுத்தினோம்னு கேக்கற பாட்டு மூணு தடவை வருது, அதுல ஒண்ணு வெறும் வாத்தியம். பேரு, வக்கீல், செலவு எல்லாம் உள்ளே இருக்கு. அந்தரங்கத்துல கை வெச்சதுக்காக வழக்குப் போடலாமான்னு அவங்க யோசிச்சதா அப்ப பத்திரிகையில வந்தது. வந்தபோது விக்கல, பல வருஷம் கழிச்சுத்தான் மதிப்பு ஏறுச்சு.

பேரு போட்டுப் பாடலாமாங்கறதுக்கு இது உதாரணம் ஆகாது. அங்க அந்த ஆல்பத்துப் பணத்துக்கு எதிர்த்தரப்பே ஒத்துக்கிட்டிருந்தது.

டோலக் தண்டையார்பேட்டை | 14 ஜூலை, காலை 10:32

பொண்டாட்டிய திட்டிப் பாடி அந்தக் காசைப் பொண்டாட்டிக்கே குடுத்தானா. பெரிய மனுசன்யா.

பாரீஸ் கார்னர் | 14 ஜூலை, மாலை 5:50

இங்கே அதை அப்படியே செய்ய முடியாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி உரிமையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சட்டபூர்வ வாரிசுகளும் பதிப்புரிமைச் சங்கமும் மட்டும் விதிவிலக்கு. விவாகரத்தான பிறகு முன்னாள் மனைவி வாரிசு இல்லை, குழந்தைகள் வாரிசுதான். ஒலிப்பதிவு உரிமை வேறு, அது தயாரித்தவருடையது, அதை யாருக்கும் எழுதித் தரலாம். சொந்தமாகத் தயாரிப்பவர் ஒலிப்பதிவிலிருந்து வரும் பங்கைக் கொடுக்க விரும்பினால் தனி ஒப்பந்தம் போடட்டும்.

கல்மண்டபம் | 21 ஜூலை, இரவு 11:02

மாத்தி எழுதிட்டார். மச்சான் போயாச்சு. பேரு போயாச்சு. மெசேஜ் பாட்டுல அவங்க வார்த்தை ஒண்ணுகூட இல்ல, அதைப் படிச்ச ராத்திரி மட்டும் இருக்கு, படிச்சிட்டு எழுந்து போய் சின்டெக்ஸ் டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாக்கறதோட பாட்டு முடியுது. முன்னைவிட நல்லா இருக்கு. கோர்ட் வரி போனதுதான் மனசுக்கு ஆறல.

இப்ப வரிசை. கல்யாணத்துலேருந்து ஆரம்பிச்சு கோர்ட்ல முடிக்கறதா, கோர்ட்லேருந்து பின்னாடி போறதா?

மூர்மார்க்கெட் தட்டு | 22 ஜூலை, இரவு 7:44

வரிசையையே ஆயுதமா வெச்ச ரெண்டு பேர் இருக்காங்க.

வில்லி நெல்சன் 1974-ல போட்ட 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்'. முதல் பக்கம் பூரா மனைவி சொல்றது, தட்டைத் திருப்பினா புருஷன் சொல்றது. எழுதிப் பாடறவர் அதே ஆம்பளைதான், ஆனா முதல் பாதியை அவங்களுக்குக் குடுத்துட்டார். நடுநடுவுல ஒரு சின்னத் தீம் திரும்பத் திரும்ப வந்து இடத்தை மாத்தும். இப்ப ஃபோன்ல கேக்கறவனுக்குத் தட்டைத் திருப்பற வேலை இல்ல, அதனால நடுவுல நிக்கற இடத்தை நீங்களே செஞ்சு வைக்கணும். நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல வெறும் ரூம் சத்தம் பத்து செகண்ட் போதும். பேசின்பிரிட்ஜ் சொன்ன அரை நிமிஷம் இங்க உதவும்.

பியோர்க்கோட 'வல்னிகூரா', 2015. முதல் ஆறு பாட்டுக்கும் தேதிக் கணக்கு போட்டிருக்கு: பிரிவுக்கு 9 மாசம் முன்னாடி, 5 மாசம் முன்னாடி, 3 மாசம் முன்னாடி, அப்புறம் 2 மாசம் கழிச்சு, 6 மாசம் கழிச்சு, 11 மாசம் கழிச்சு. நடந்த அன்னிக்குன்னு ஒரு பாட்டு கிடையாது. பத்து நிமிஷம் நீளுற பாட்டு அந்த 2 மாசம் கழிச்சு வர்றதுதான். அந்த அம்மாவும் பேண்டா தனியாங்கற கேள்விக்கு ரெண்டு பதில் சொன்னவங்க. மார்ச்ல வரவேண்டிய ஆல்பம் ஜனவரியிலயே திருட்டுத்தனமா வெளியே போனதால அவசரமா இறக்கினாங்க. அதுல பீட்டும் இருக்கு, ஸ்ட்ரிங்ஸும் இருக்கு. அதே வருஷக் கடைசியில பீட்டை எடுத்துட்டு ஸ்ட்ரிங்ஸை மட்டும் வெச்சு இன்னொரு பதிப்பு விட்டாங்க.

பாரீஸ் கார்னர் | 22 ஜூலை, இரவு 9:30

தேதிக் கணக்கு இங்கே சட்டத்திலேயே தயாராக இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான பிரிவு 13பி: ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், பிறகு முதல் மனு, அதிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழித்து இரண்டாவது. பதினெட்டு மாதத்துக்குள் வர வேண்டும். ஆறு மாதத்தைத் தேவையெனில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. கிறிஸ்தவத் திருமணம் என்றால் 1869 விவாகரத்துச் சட்டம், பிரிவு 10ஏ. அங்கே பிரிந்திருக்க வேண்டிய காலம் இரண்டு வருடம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

அந்த ஆறு மாதம் மனம் மாற இடம் கொடுப்பதற்காக வைத்தது. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், சட்டப்படி இன்னும் கணவன் மனைவி. பொங்கலோ தீபாவளியோ நடுவில் வந்தே தீரும். ஆல்பம் அங்கே உட்காரட்டும் என்பது என் யோசனை. வழக்கு விவரம் எதுவும் தேவையில்லை, பிரிவு 22 பக்கம் போகவும் வேண்டாம்.

கல்மண்டபம் | 22 ஜூலை, இரவு 9:58

சார், இதுக்கு ஃபீஸ் எவ்வளவு.

எண்ணூர்க் காத்து | 23 ஜூலை, காலை 8:10

எல்லாரும் முடிஞ்சப்புறம் எழுதறதாவே பேசறீங்க. ரிச்சர்ட், லிண்டா தாம்ப்சனோட 'ஷூட் அவுட் தி லைட்ஸ்', 1982. பாட்டு பெரும்பாலும் புருஷன் எழுதினது, பாதிக்கு மேல மனைவி குரல்லயும் வருது, எழுதின காலத்துல அவங்க சேர்ந்துதான் இருந்தாங்க. ஆல்பம் கைக்கு வரும்போது கல்யாணம் இல்ல. கேக்கறவங்க எல்லாரும் அதை விவாகரத்து ஆல்பம்னு முடிவு கட்டிட்டாங்க. ஸ்பிரிங்ஸ்டீனோட 'டனல் ஆஃப் லவ்' அதே கதை: 1987-ல ஆல்பம், பெரும்பாலும் வீட்ல வெச்சுப் பதிவு, டிரம் மெஷின் துணையோட, மனைவியைப் பிரிஞ்சது 1988-ல.

ராயபுரத்துக்காரர் பழைய நோட்டுல கல்யாணம் நல்லா இருந்தப்ப எழுதின காதல் பாட்டு ஏதாவது கிடக்கும். ஒரு வரி மாத்தாம அதை மூணாவதா வைக்கச் சொல்லுங்க. சுத்தி இருக்கற பாட்டு அதோட அர்த்தத்தை மாத்திடும்.

மூர்மார்க்கெட் தட்டு | 23 ஜூலை, காலை 8:47

இந்த இழையிலயே நல்ல யோசனை இதுதான். பாதிக்கு மேல லிண்டா குரல்ங்கறது மட்டும் அதிகம், பாட்டை மாத்தி மாத்திப் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லலாம்.

கல்மண்டபம் | 4 ஆகஸ்ட், இரவு 10:20

பாட்டு இருந்தது. அது மூணாவது.

இன்னொரு கேள்வி. ஆறு வயசுப் பொண்ணு பேசற வாய்ஸ் மெசேஜ் ஒண்ணை ஏழாவது பாட்டு நடுவுல வைக்கலாம்னு இருக்கார். அடெல்கூட 2021 ஆல்பத்துல பையன் குரலை வெச்சாங்களே.

பாரீஸ் கார்னர் | 4 ஆகஸ்ட், இரவு 10:44

குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது? தாயின் பொறுப்பு என்றால் அவரது எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். சம்மதம் கிடைத்தாலும் பதினாறு வயதில் அந்தப் பெண் இதைக் கேட்பாள் என்பதை யோசியுங்கள்.

டோலக் தண்டையார்பேட்டை | 4 ஆகஸ்ட், இரவு 11:15

கொழந்த வேணாம் தல. அதுக்குப் பதிலா அந்த எடத்துல டோலக் வைங்க.

கல்மண்டபம் | 17 ஆகஸ்ட், இரவு 9:36

ஆடி முடிஞ்சுது, குழாய் இறங்கிடுச்சு. இப்ப நிலவரம்: மூணு பாட்டு தனி கிட்டார். நாலு பாட்டுக்கு பேஸும் பிரஷ் டிரம்ஸும், வாசிக்கறவங்களுக்கு முன்னாடியே கார்டு எழுதிக் குடுத்தாச்சு, யாரும் விரலைப் பாத்து முழிக்க வேணாம். ஏழாவது கானா மெட்டு, டோலக் மட்டும். என் பழைய கட்சியை நானே கலைச்சிட்டேன்னு வெச்சுக்குங்க. கோவமான ரெண்டு பாட்டும் தனி கிட்டார்ல புலம்பலா இருந்துச்சு, பேஸ் வந்தப்புறம்தான் கோவமாச்சு.

மூர்மார்க்கெட் தட்டு | 17 ஆகஸ்ட், இரவு 10:02

அந்த ரெண்டையும் சுருதி ஏத்திப் பாத்தீங்களா? 'டேங்கிள்ட் அப் இன் ப்ளூ' மினியாபொலிஸ்ல முதல்ல ஜி-யில எடுத்தாங்க, உக்காரல. கிட்டார் வாசிச்ச ஒருத்தர் சொன்னதுக்காக ஏ-க்கு ஏத்தினாங்க. 5 கட்டையிலேருந்து 6. குரல் எட்டிப் பிடிக்க வேண்டியதாச்சு, பாட்டு நிமிந்துது.

கல்மண்டபம் | 18 ஆகஸ்ட், இரவு 11:48

ஏத்தினோம். ஒண்ணு சரியா வந்துது. இன்னொண்ணுல தொண்டை கிழியுது, அரைக் கட்டை இறக்கிட்டோம். ஏழாவதுல டோலக் ரூம் பூரா டம்முனு அடைக்குது, குரலே தெரியல.

பேசின்பிரிட்ஜ் | 19 ஆகஸ்ட், காலை 7:30

சேத்து எடுக்காதீங்க. குரலும் டோலக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒரு தடவை வழிகாட்டிக்கு எடுங்க, அப்புறம் அதைக் காதுல போட்டுக்கிட்டு தனித்தனியா எடுங்க. டோலக்குக்கு ஒரே மைக், வலந்தலை (சன்னமா ஒலிக்கற) பக்கம் ஒன்றரை அடி தள்ளி. தொப்பி (கனமா ஒலிக்கற) பக்கம் மைக் வைக்காதீங்க, பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல அந்த அடி சத்தம் தானா வந்து சேரும்.

டோலக் தண்டையார்பேட்டை | 19 ஆகஸ்ட், காலை 8:05

அத்தோட, தோல் தளந்து கீது. மழைக் காத்துல தொப்பிப் பக்கம் உள்ள தடவுன மசாலா ஈரம் வாங்கி கனமாயிடும், அதான் டம்மு. நட் போல்ட்டு டோலக்தானே? எதிரெதிர் போல்ட்டா பாத்து கால் சுத்து கால் சுத்தா முறுக்கு, ஒரே பக்கமா முறுக்கினா வளையம் கோணிக்கும். வெயில்ல வெக்காத, மசாலா வெடிச்சிடும். வாசிக்கறவன் கைய முழுசா போடாம விரல்ல வாசிக்கச் சொல்லு. பாட்டு எத்தினி வேகம்?

கல்மண்டபம் | 19 ஆகஸ்ட், காலை 8:20

96.

டோலக் தண்டையார்பேட்டை | 19 ஆகஸ்ட், காலை 8:22

88-க்கு எறக்கு. 96-ல ஆடிடுவானுங்க.